நனைத்துப் பார்க்க வேண்டிய இறகு

என் மேசையில் உயரமான கண்ணாடிக் கிளாஸ் ஒன்று எப்போதும் தண்ணீர் நிரம்பியபடி இருக்கும். பலூடா குடிப்பதற்கென்று வாங்கிய கிளாஸ் அது. இப்போது அதில் யாரும் எதையும் குடிப்பதில்லை; வீட்டிலுள்ளவர்கள் அதைத் தொடுவதுகூட இல்லை. தூண்டிலில் இறகு கட்டி முடித்ததும் அதை ஒரு சாண் தங்கூசியில் தொங்கவிட்டு அந்தத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்ப்பது என் வழக்கம். காய்ந்த நிலையில் பார்ப்பவருக்கு அது யாரோ பாதியில் விட்டுப்போன வேலை போலத் தெரியும். நெல்மணியளவுத் தூண்டில், அதன் முதுகில் செம்மஞ்சள் பட்டுநூல், தங்கூசி கோர்க்கும் காதுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மெல்லிய இறகிழைகள், அவ்வளவுதான். தண்ணீருக்குள் இறங்கியதும் அந்த இழைகள் குடைபோல் விரிகின்றன. தங்கூசியை மெல்ல இழுத்தால் அவை உடம்போடு ஒட்டிப் படுக்கின்றன. இழுவையை நிறுத்தினால் மறுபடியும் மூச்சுவிடுவதுபோல் எழுகின்றன. அப்படி எழாத இறகைக் கட்டிய தூண்டிலை நான் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறேன்.

இந்த வகைக்கு சொஃப்ட் ஹக்கிள் ஃப்ளை என்று பெயர். ஃப்ளை என்பது பூச்சியைப் போலத் தோன்றும்படி இறகும் நூலும் கொண்டு கட்டப்படும் தூண்டில். ஹக்கிள் என்பது அதன் கழுத்தைச் சுற்றிக் கட்டப்படும் இறகு. அந்த இறகு விறைப்பில்லாமல் மென்மையாக இருந்தால் அது சொஃப்ட் ஹக்கிள். ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிப்பதற்காக, நீர்மட்டத்துக்குக் கீழே ஓடவிடப்படுவது. திருகோணமலையில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் கட்டுகிறாய் என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதே. ட்ரவுட்டுக்கு நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். சூடேறிய நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைவு. எங்கள் ஊரில் கன்னியாக் கிணறுகளை விட்டுவிட்டாலும், குழாய்த் தண்ணீரே சித்திரை வெயிலில் கையைச் சுடும்.

ஆனால் என் மூத்த அக்காவைத் திருமணம் செய்தவர் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். அவர் இருக்கும் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் தங்கள் நாட்டு ஆறுகளின் நினைவில் கொண்டுவந்து விட்ட மீனினம் அது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரமும் அதற்கு மேலேயுள்ள ஹோட்டன் சமவெளியின் குளிரும் அதற்கு ஒத்துப்போயின. இன்று அங்கே தங்கியிருப்பது பெரும்பாலும் ரெயின்போ ட்ரவுட். அந்த மேட்டில் ஊற்றெடுக்கும் அக்ரா ஓயா போன்ற ஓடைகள் கீழிறங்கி மகாவலியில் சேர்கின்றன. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து கடலில் விழுகிறது. ஆகவே ட்ரவுட் நீந்திய தண்ணீர் எப்படியோ ஒருநாள் மூதூர்ப் பக்கம் வந்து சேரத்தான் செய்கிறது, மீன்தான் வருவதில்லை. கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு, ஒப்புக்கொண்டவர்கள் இல்லை.

இறகு கட்டுவதை நான் முதலில் பார்த்தது திருக்கடலூரில், பெரியப்பாவின் வாடியில். சூரைக்கும் பாரைக்கும் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் தூண்டில்களுக்கு அவர் வெள்ளைச் சேவலின் இறகை நாலைந்தாகச் சேர்த்துக் கட்டுவார். பிளாஸ்டிக் இரைகள் கடைக்கு வந்த பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இறகைத் தெரிவு செய்யும்போது அதன் நடு ஈர்க்கைப் பெருவிரல் நகத்தில் அழுத்தி வளைத்துப் பார்ப்பார். வளைத்ததும் துள்ளி நிமிர்ந்தால் வைத்துக்கொள்வார், சோர்ந்து கிடந்தால் எறிந்துவிடுவார். "தம்பி, இஞ்சின் இழுக்கிற இழுவைக்கு நிண்டு பிடிக்கோணும். மெத்தெண்ட இறகு ஒட்டிப்போய் ஈர்க்குக்குச்சி மாதிரித்தான் வரும்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. அவர் சொன்னது அவருடைய மீனுக்கும் அவருடைய வேகத்துக்கும் முழுக்கச் சரி. நான் செய்த பிழை, அதே பாடத்தை அப்படியே மலைக்குக் கொண்டுபோனது.

முதல் தடவை அக்கா வீட்டுக்குப் போனபோது இருபது ஃப்ளை கட்டிக் கொண்டுபோனேன். எல்லாமே சேவல் இறகு. பளபளப்பும் விறைப்பும் உள்ள நல்ல இறகு. அத்தான் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்த ஓடைக்கரைக்குக் காலை ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். விரல்கள் குளிரில் மரத்துப் போயிருந்தன. பெட்டியைத் திறந்து முதல் ஃப்ளையை எடுத்துத் தங்கூசியைக் காதில் கோர்க்கப் பார்த்தால், காது இல்லை. காதுவரை நூலைச் சுற்றி, அதன்மேல் கியூட்டெக்ஸ் பூசி அடைத்து வைத்திருந்தேன். இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. அத்தான் சட்டையில் குத்தியிருந்த ஊசிப்பின்னைக் கழற்றித் தந்தார். ஒவ்வொரு காதாகக் குத்தித் திறந்து நாலைந்து ஃப்ளையை உயிர்ப்பித்தபோது வெயில் ஏறிவிட்டது. பிறகு அவற்றை நீரில் விட்டபோது இன்னொன்று புரிந்தது: அந்தச் சேவல் இழைகள் ஓட்டத்தில் அசையவே இல்லை. குத்தூசிகளை வட்டமாகச் செருகி வைத்ததுபோல் விறைத்து நின்றன. அவற்றின் விறைப்பாலேயே ஃப்ளை மூழ்காமல் நீர்மட்டத்தில் சறுக்கிக்கொண்டு போனது. அன்று ஒரு மீனும் தொடவில்லை. அத்தான் மரியாதை கருதி ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

திரும்பி வந்து யோசித்தபோது பெரியப்பாவின் பேச்சின் மறுபாதி பிடிபட்டது. எஞ்சின் இழுக்கும் வேகத்துக்கு விறைப்பான இறகு வேண்டுமென்றால், நடைவேகத்தில் ஓடும் ஓடைக்கு அந்த வேகமே அசைக்கக்கூடிய இறகு வேண்டும். இறகின் மென்மை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் வேகம். ஓடையிலும் கல்லிடுக்கில் பாய்ந்து வரும் இடத்துக்குச் சற்றே உறுதியான இழையும், மடுவின் வாலில் சோம்பி நகரும் இடத்துக்கு மிக மெல்லிய இழையும் பொருந்துகின்றன. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தாலும் கலந்து வைப்பதில்லை.

அசைவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு மீனின் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். ட்ரவுட் தின்னும் பூச்சிகளில் மேஃப்ளையும் காடிசும் முக்கியமானவை. இவை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஓடையின் அடியில் கற்களுக்கிடையே கழித்துவிட்டு, இறக்கை முளைக்கும் பருவத்தில் நீரின் ஊடாக மேலே எழுந்து வருகின்றன. மேலே வந்து பறந்தபின் மேஃப்ளையின் ஆயுள் ஓரிரு நாள்தான். உண்பதற்கு உருப்படியான வாய்கூட அதற்கு இல்லை. எழும் நேரத்தில் அது நீச்சலும் தெரியாத, பறக்கவும் முடியாத நிலையில், கால்களும் பாதி விரிந்த இறக்கையும் ஓட்டத்தில் அலைய, தடுமாறிக்கொண்டிருக்கும். மீனுக்கு அதைவிட இலகுவான இரை கிடையாது. சொஃப்ட் ஹக்கிள் எந்தப் பூச்சியையும் அச்சாக வார்த்ததல்ல. அந்தத் தடுமாற்றத்தை மட்டும் காட்டுகிறது. கண்ணும் வாலும் கணுக்கணுவான உடம்பும் வைத்துக் கட்டப்படும் ஃப்ளைகளின் படங்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றைக் கட்டுகிறவர்களின் கைத்திறனைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் பல, மனிதக் கண்ணுக்குக் கட்டப்பட்டவை என்பது என் அபிப்பிராயம்.

இனி இறகு. இந்தக் கலை வளர்ந்த வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் முதலிடம் கவுதாரிக்கு, அதாவது அவர்களுடைய சாம்பல்நிறக் கவுதாரிக்கு. அதன் முதுகிலுள்ள பழுப்புப் புள்ளி இறகு செம்மஞ்சள் பட்டுடனும், மார்பிலுள்ள சாம்பல் இறகு மஞ்சள் பட்டுடனும் சேரும். உள்ளானின் சிறகோரச் சிற்றிறகு ஊதாப் பட்டுடன் சேரும். இப்படி இறகின் பெயரையும் பட்டின் நிறத்தையும் சேர்த்தே அந்த ஃப்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டாலே கட்டும் முறை தெரிந்துவிடும், வேறு சமையற்குறிப்புத் தேவையில்லை. 1857இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஸ்டுவர்ட் தன் நூலில் பரிந்துரைத்த, ஸ்பைடர் என்னும் மென்னிறகு ஃப்ளைகள் மூன்றில் கறுப்பு நிறத்ததற்கு ஸ்டார்லிங் என்ற பறவையின் இறகு. நம் வீட்டு மதிலில் வந்து சண்டையிடும் மைனா அந்தப் பறவையின் உறவுதான். உள்ளானும் மாரிகாலத்தில் எங்கள் வயல்களுக்கு வருகிறது. கவுதாரியின் உறவுகளும் பற்றைக்காடுகளில் உண்டு. ஆனாலும் காட்டுப் பறவையை இறகுக்காகத் தொடுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு நெல்மணித் தூண்டிலுக்காக ஒரு பறவையைக் கொல்வது எனக்கு எந்தக் கணக்கிலும் சரிவரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் கவுதாரித் தோல் என் வருமானத்துக்கு அளவு மீறியது. மிஞ்சியது கோழி.

கோழி என்றதும் பெட்டைக்கோழி என்று விளங்கிக்கொள்ள வேண்டும். சேவலின் கழுத்திறகு நீண்டு, கூர்த்து, பளபளத்து, வெயிலில் பிடித்தால் இழைகள் தனித்தனியாகக் கண்ணாடிபோல் தெரியும்; மிதக்கும் ஃப்ளைக்கு அது அருமையான சரக்கு. பெட்டையின் இறகு குட்டையானது, நுனி உருண்டது, மங்கலானது. வெயிலில் பிடித்தால் நடுவில் பஞ்சுபோன்ற ஒரு மங்கல் நிழல் தெரியும். இழைகளில் நுண்கொக்கிகள் அடர்ந்து ஒன்றையொன்று பிடித்திருப்பதால் வரும் மங்கல் அது. தண்ணீரை உறிஞ்சுவதும், உறிஞ்சியபின் அசைவதும் அந்தப் பகுதிதான். கடைக்குப் போகும் பிராய்லர் கோழி இதற்கு உதவாது. வளர்ந்து முடியுமுன்பே வெட்டப்படுவதால் அதன் கழுத்திறகு பஞ்சும் ஈர்க்குமாக அரைவிளைச்சலில் இருக்கும்; நிறமும் வெள்ளை. சாயம் தோய்க்கலாம்தான், ஆனால் பொறுமை வேண்டும். ஆகவே வீட்டில் வளரும் ஊர்க்கோழிதான் வழி.

அடுத்த ஒழுங்கையிலுள்ள ஓர் அக்கா ஊர்க்கோழி வளர்த்து முட்டை விற்கிறார். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அக்கா, இனிக் கோழி உரிக்கேக்க கழுத்துத் தோலை இறகோட எனக்கு எடுத்து வைப்பியளோ?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஆருக்கும் செய்வினை வைக்கப் போறியளோ?" என்று கேட்டார். மீன் பிடிக்க என்று விளக்கியதும் அவருடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடலில் இவ்வளவு மீன் இருக்க, கோழிக் கழுத்தோடு மலைக்குப் போகிறவனை யார்தான் நம்புவார்கள்? ஆனாலும் அடுத்த வருடப்பிறப்புக்கு ஒரு பழுப்புப் பெட்டையின் தோலை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உட்புறக் கொழுப்பைக் கத்தியால் வழித்து, உப்புத் தடவி, காட்போட் மட்டையில் குண்டூசியால் இழுத்துக் குத்தி நிழலில் காயவைத்தேன். கொழுப்பை வழிப்பதில் கஞ்சத்தனம் பார்த்தால் பத்து நாளில் வீடு முழுவதும் கருவாட்டு வாடிபோல் மணக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரே தோலில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் இறகு. தலையை ஒட்டிய இடத்தில் மிகச் சிறியவை. கீழே இறங்க இறங்க நீளமும் அகலமும் கூடும். 14ஆம் இலக்கத் தூண்டிலுக்கு ஏற்ற இறகு எதுவென்று அளப்பதற்கு எளிய வழி, இறகை வளைத்துத் தூண்டிலின் காதருகே பிடித்து இழைகள் எதுவரை நீள்கின்றன என்று பார்ப்பது. தூண்டிலின் வளைவு தொடங்கும் இடத்தைத் தொட்டாலோ சற்றுத் தாண்டினாலோ போதும். அதற்கு மேல் நீண்டால் மீன் இழையை மட்டும் கவ்வி இழுத்துவிட்டுப் போய்விடும். குட்டையாயிருந்தால் அசைவு தெரியாது. தோல் முழுவதிலும் 14க்கும் 16க்கும் பொருந்தும் இறகு ஒரு கைப்பிடிக்கு மேல் தேறாது என்பதைக் கவனித்தபோதுதான், அந்நாட்டவர் கவுதாரியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏன் தனி மதிப்பு வைத்தார்கள் என்று விளங்கியது. காடை வளர்ப்பவர்களிடம் கிடைக்கும் இறகும் நன்றாக வேலை செய்கிறது. அதன் முதுகுப் புள்ளிகள் கவுதாரிக்கு மிக நெருக்கம், ஆனால் ஈர்க்கு நொய்ந்தது, இறுக்கினால் ஒடிந்துவிடும். கினிக்கோழியின் வெண்புள்ளி இறகு பார்வைக்கு அழகு. எனினும் அதன் இழை சற்று உறுதியானதால் வேகமான ஓட்டத்துக்கு மட்டும் அதை ஒதுக்கியிருக்கிறேன்.

இறகுக்கு அடுத்தபடி நான் அதிகம் மினக்கெட்டது நூலுக்கு. தையற்கடையில் கிடைக்கும் பொலியெஸ்டர் நூல் உறுதியானது, மலிவானது, எந்த நிறத்திலும் கிடைப்பது. அதில்தான் முதலில் கட்டினேன். பலூடாக் கிளாசில் இறக்கிப் பார்த்தபோது அந்தச் செம்மஞ்சள் நனைந்த பிறகும் அதே செம்மஞ்சளாக, வீதி வேலைக்காரரின் அங்கிபோல் ஒளிர்ந்தது. அம்மாவின் பழைய கூறைச்சேலை ஒன்றின் ஓரம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவருடைய அனுமதியோடு நாலைந்து பட்டிழைகளை உருவிக் கட்டிப் பார்த்தேன். காய்ந்திருந்தபோது பளீரென்றிருந்த அந்த நிறம், தண்ணீரில் நனைந்ததும் சட்டென்று இறங்கி, அடியிலிருக்கும் தூண்டிலின் கருமை லேசாக ஊடுருவித் தெரிய, பழுத்த புளியங்கொட்டையின் தோல் நிறத்துக்கு வந்தது. பட்டு நனைந்தால் கருக்கும், ஓரளவு ஒளியையும் விடும். பூச்சியின் உடம்பில் தெரியும் அந்த உயிருள்ள பழுப்பு அப்படித்தான் வருகிறது. அதனால்தான் பழைய ஃப்ளைகளின் பெயர்களில் வரும் செம்மஞ்சளையும் ஊதாவையும் காய்ந்த நிறமாக எடுத்துக்கொண்டு ஏமாறக்கூடாது. அவை தண்ணீரில் வேறு நிறங்கள். நூலைத் தேன்மெழுகில் ஓரிரு தடவை இழுத்துவிட்டால் பிடிமானம் கூடும், நிறமும் இன்னும் ஒருபடி அடங்கும். அம்மாவின் சேலையிலிருந்து இதுவரை எடுத்தது ஒரு விரலகலம்கூட இல்லை. ஒரு ஃப்ளைக்கு அரை மீற்றர் தாராளம்.

கட்டும் வேலை ஐந்து நிமிடத்தில் முடிவது. தூண்டிலை வைஸ் என்னும் பிடிகருவியில் பூட்டி, காதுக்குப் பின்னால் இரண்டு காது அகலத்துக்கு வெறும் தண்டு விட்டுவிட்டு நூலைத் தொடங்குகிறேன். அந்த வெற்றிடத்தை விடுவதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கை தானாகவே காதை நோக்கி ஓடும். ஊசிப்பின்னோடு ஓடைக்கரையில் நின்ற காலையை நினைத்து இழுத்து நிறுத்துவேன். நூலைச் சுற்றொடு சுற்று ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், தூண்டிலின் முனைக்கு நேர்மேலே வரும் இடம்வரை கொண்டுபோய் அங்கேயே திரும்பிவிடுகிறேன். வளைவுவரை போனால் உடம்பு தடித்து நீண்டுவிடும். விரும்பினால் பழைய ரேடியோ ஒன்றின் சுருளிலிருந்து எடுத்த மயிர்போன்ற செப்புக் கம்பியை நாலு சுற்று இடைவெளிவிட்டுச் சுற்றலாம். அது உடம்புக்குக் கணுவையும் கொஞ்சம் பாரத்தையும் தரும். பட்டுக்குப் பதிலாக மயிற்பீலியின் இரண்டு இழைகளை முறுக்கிச் சுற்றினால் பச்சையும் செம்பும் கலந்த தடித்த உடம்பு வரும். காவடி எடுத்து முடிந்தபின் உதிர்ந்து கிடக்கும் பீலியே அதற்குப் போதும்.

பிறகு இறகு. அடிப்பஞ்சைப் பிய்த்தெறிந்துவிட்டு, இறகின் நுனியை இரு விரலால் பிடித்து மீதி இழைகளைப் பின்னோக்கி நீவிவிட்டால், நுனியில் ஒரு சிறு முக்கோணம் தனித்து நிற்கும். அந்த முக்கோணத்தைத் தண்டில் வைத்துக் கட்டுகிறேன். ஈர்க்கின் மறுமுனையை இடுக்கியால் பிடித்து ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இழைகளை ஈரவிரலால் பின்னோக்கித் தடவிவிட்டு அடுத்த சுற்று. இந்த இரண்டாவது சுற்று முடிந்ததும் நிறுத்த வேண்டும். இறகில் இன்னும் மிச்சம் இருக்கும். நல்ல இறகு, கழுவிக் காயவைத்த இறகு, கெஞ்சிக் கேட்டு வாங்கிய இறகு. மூன்றாவது சுற்றுப் போட்டால் என்ன என்று கை கேட்கும். போட்டுப் பார்த்திருக்கிறேன். கிளாசில் இறக்கினால் இழைகள் ஒன்றையொன்று தாங்கி நின்று விரிகின்றன, ஆனால் மடங்குவதில்லை. விளக்குமாற்றைத் தண்ணீரில் தோய்த்தது போலத்தான். இரண்டு சுற்றில் ஒவ்வோர் இழைக்கும் அசைய இடமிருக்கிறது. மிக மெல்லிய ஓட்டத்துக்கு இறகின் ஒரு பக்க இழைகளை முற்றாக உரித்துவிட்டு மறுபக்கத்தை மட்டும் சுற்றுவதும் உண்டு. அப்போது தேறுவது ஏழெட்டு இழைகள். கட்டிய எனக்கே அதை வெளியில் காட்ட வெட்கமாக இருக்கும். என்னிடமுள்ளவற்றில் அதிகம் மீன் தொட்டது அந்த வகைதான்.

இழைகள் மடங்கிவந்து உடம்போடு ஒட்டியே கிடந்தால் ஒரு சிறு தந்திரம் உண்டு. இறகு கட்டுமுன் அந்த இடத்தில் முயல்மயிரையோ, கிடைக்காவிட்டால் வீட்டுப் பூனையைச் சீவும்போது சீப்பில் வரும் அடிமயிரையோ நூலில் திரித்து ஓரிரு சுற்றுச் சிறு முடிச்சாக வைத்தால், அது இழைகளை முட்டுக்கொடுத்து விரித்தே வைத்திருக்கும். எங்கள் பூனைக்கு இதில் ஆட்சேபனை இல்லை; இறகுப் பெட்டி மேல்தான் அதன் கண்.

மலைக்குப் போவது வருடத்துக்கு இரண்டு தடவைதான் என்பதால் ஓட்டத்தில் சோதிக்க வேறிடம் தேவைப்பட்டது. கந்தளாய்க் குளத்துக்குக் கீழே வாய்க்கால்களில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில், முழங்காலளவு நீர் ஏறக்குறைய ஓடை வேகத்தில் போகும் இடங்கள் உண்டு. மதகடியில் நின்று ஃப்ளையை எதிர்க்கரைப் பக்கமாகச் சற்றுக் கீழ்நோக்கி வீசிவிட்டு, கயிற்றை இறுக்காமல் தடியைத் தாழ்த்திப் பிடித்தால், ஓட்டம் அதை ஒரு வில்போல வளைத்து நம் கரைக்குக் கொண்டுவரும். இந்த வளைவோட்டம்தான் சொஃப்ட் ஹக்கிளின் வழமையான பாதை. நடு நீரின் வேகம் கயிற்றின் வயிற்றைப் பிடித்து இழுத்தால் ஃப்ளை அவசரப்பட்டு ஓடும்; அப்போது தடிநுனியால் கயிற்றை மட்டும் தூக்கி மேலோட்டப் பக்கம் போட்டுவிட வேண்டும். வாய்க்காலில் இதைப் பழகும்போது உள்ளங்கையளவுத் திலாப்பியாக் குஞ்சுகள் இரண்டொன்று வந்து மாட்டின. வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மண்புழுவைப் போட்டா இந்நேரம் ஒரு சட்டிக்குக் காணும்" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வாய்க்காலில் கற்றதை ஓடையில் உறுதிப்படுத்திக்கொண்டது சென்ற ஓகஸ்டில். வளைவின் கடைசியில், கயிறு நேராகி ஃப்ளை மேலெழத் தொடங்கும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கடி விழுகிறது. அடியிலிருந்து பூச்சி எழுவதுபோல் அது எழுகிறதல்லவா. அந்த நேரத்தில் கடலில் பழகிய கை வெட்டி இழுக்கத் துடிக்கும், இழுத்தால் போயிற்று. கீழோட்டத்தில் நிற்கும் மீன் கவ்வித் திரும்பும்போது அதன் பாரத்தாலேயே தூண்டில் வாயோரத்தில் ஏறிவிடும், நாம் தடியைச் சற்று உயர்த்தினால் போதும். இரண்டு மீனை அப்படி இழுத்து இழந்த பிறகு மூன்றாவதற்குக் கையைக் கட்டுப்படுத்தினேன். ஒரு சாண் நீள ரெயின்போ. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை, அதன்மேல் கரும்புள்ளிகள். கவ்வியிருந்தது செம்மஞ்சள் பட்டும் பழுப்புப் பெட்டையும் சேர்ந்த ஒருபக்க இழை ஃப்ளை. வெளியே எடுத்தபோது இழைகள் எல்லாம் உடம்போடு ஒட்டி, நூல் கருத்து, ஈரத் தேயிலைத் தூள் ஒன்று தூண்டிலில் ஒட்டியதுபோல் இருந்தது. அத்தான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா மச்சான் அவ்வளவு பாடுபட்டியள்?" என்றார். மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே தூண்டிலைக் கழற்றி விட்டுவிட்டோம். அக்காவுக்குச் சொல்லவில்லை, அவர் மசாலா அரைத்து வைத்திருந்தார்.

கடற்கரை ஊரில் இந்தச் சரக்குகளைக் காப்பது தனிப்பாடு. உப்புக்காற்றில் சிறு தூண்டில்கள் ஒரு மாரிக்குள் துருப்பிடித்துவிடும். பால்மா டின்னுக்குள் அரிசி ஒரு பிடி போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வைக்கிறேன். இறகில் வண்டு விழுந்தால் ஈர்க்கு மட்டும் மிஞ்சும். பூச்சி உருண்டை போட்டு வைத்தால் வண்டு வராது. ஆனால் அந்த மணத்தை மீன் விரும்பாதோ என்ற பயத்தில், கட்டுவதற்கு முன் இறகை ஒருநாள் காற்றில் வைத்தெடுக்கிறேன். மீனுக்கு அது தெரிகிறதோ இல்லையோ, எனக்கு மனம் ஆறுகிறது.

இப்போது கையிருப்பில் அந்தப் பழுப்புத் தோல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கோழி வளர்க்கும் அந்த ஒழுங்கை அக்காவின் கூட்டில் வேறொரு பெட்டை இருக்கிறது. சாம்பலும் பழுப்பும் கலந்து, ஒவ்வோர் இறகிலும் குறுக்குவரி ஓடிய பறவை; அத்தனை இறகும் 14க்கும் 16க்கும் வெட்டியெடுத்த அளவு. இரண்டு தடவை மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அது நாள் தவறாமல் முட்டையிடுகிறதாம், சட்டிக்குப் போகாதாம். கோழி வருடத்துக்கொருமுறை இறகு உதிர்க்கும்போது தலையிலும் கழுத்திலும்தான் முதலில் உதிர்க்கும் என்பதால், கூட்டடியைக் கூட்டும்போது இறகைக் குப்பையில் போடாமல் ஒரு பைக்குள் போட்டு வைக்கும்படி மட்டும் கேட்டிருக்கிறேன். போன கிழமை அவருடைய மகன் வந்து ஒரு பையைத் தந்துவிட்டுப் போனான். ஐந்து இறகும் நிறையச் சருகும் இருந்தன. ஐந்தையும் கிளாசில் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன், நாலு எழுந்தன.